தேரும் மணியும்

கொடுமை ஒன்று நடந்த செய்தி வரும் நாளில் விடுதி உணவுக்கூடத்தில் ஒரே பேச்சுத்தான் கேட்கும். "இப்படிப்பட்டவனை நடுத்தெருவில் தூக்கில் போட வேண்டும்" என்பார் ஒருவர். "சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும்" என்பார் மற்றொருவர். சோறு ஆறுவதற்குள் தீர்ப்பும் எழுதி முடித்துவிடுவோம். அந்தச் சினத்தைக் குறை கூற நான் வரவில்லை. பிறர் துன்பம் கண்டு கொதிக்காத உள்ளம் இளைஞர் உள்ளமே ஆகாது. ஆனால் கொதித்த பிறகு சிறிது எண்ணிப் பார்க்கவும் வேண்டும் அல்லவா? சட்டமும் தண்டனையும் மக்களைக் காக்கின்றன என்கிறோம். யாரைக் காக்கின்றன, எப்பொழுது காக்கின்றன, எவ்வாறு காக்கின்றன என்று என்றேனும் கேட்டதுண்டா?

நான் சட்டம் பயின்றவன் அல்லேன். திருவாரூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்து, வேதியியல் முதுநிலை படிப்பதற்காகக் கொல்கத்தா வந்தவன். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டே இந்தக் கேள்வியை ஆராய விரும்புகிறேன். கடைவீதியில் 'ஆசிட்' என்று சொல்லப்படும் திராவகமே அந்தப் பொருள்.

திராவகம் தன்னளவில் பகையன்று. கந்தகத் திராவகம் இல்லையேல் உரம் இல்லை. வண்டியின் மின்கலம் இல்லை. தொழிற்சாலைகள் பலவற்றுக்கு வேலையே இல்லை. பொற்கொல்லரின் பட்டறையிலும் திராவகம் உண்டு, கழிவறை கழுவும் வாளியின் பக்கத்திலும் உண்டு. ஆனால் அது மனித உடலின்மேல் பட்டால் என்ன ஆகும்? செறிந்த கந்தகத் திராவகம் தோலில் உள்ள நீரை உறிஞ்சும்; உறிஞ்சும்போதே சூடேறிச் சுடும். அதற்கு வேண்டிய நேரம் சில நொடிகளே. கண்ணில் பட்டால் பார்வை போகும். பிறகு எத்தனை அறுவை மருத்துவம் செய்தாலும் பழைய முகம் திரும்பி வருவதில்லை. திராவகத்தின் கடிகாரம் நொடிகளில் ஓடுகிறது. நீதிமன்றத்தின் கடிகாரம் ஆண்டுகளில் ஓடுகிறது. இந்த இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே உள்ள தொலைவை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

2012ஆம் ஆண்டு நவம்பரில் காரைக்காலில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். சென்னையில் பொறியாளராகப் பணிபுரிந்த ஒரு பெண், தீபாவளிக்கு வீட்டிற்கு வந்துவிட்டுப் பணிக்குத் திரும்பும் இரவில் முகத்தில் திராவகம் வீசப்பட்டாள். மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று. இன்று எனக்கு இருக்கும் வயது. வழக்கு இழுபறியாகவில்லை. வீசியவன் பிடிபட்டான், அதே ஆண்டிலேயே ஆயுள் தண்டனை பெற்றான். சட்டம் இங்கே உறங்கவில்லை, தண்டனையும் தப்பவில்லை. ஆயினும் அந்தப் பெண் காக்கப்பட்டாளா? இல்லையே!

அப்பொழுது எனக்குப் பத்து வயது இருக்கும். காரைக்கால் எங்கள் ஊருக்கு எட்டாத இடமன்று; சந்தைக்கும் திருவிழாவிற்கும் போய்வரும் ஊர். என் அக்காள் அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளியில் முதல் மாணவி. சென்னையில் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தேர்வில் மிகுந்த மதிப்பெண்ணும் பெற்றாள். ஆனால் விண்ணப்பம் எழுதும் நேரம் வந்தபோது, அப்பா திண்ணையில் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஊர் கெட்டுக் கிடக்குது அம்மா. நீ இங்கேயே பக்கத்தில் படி" என்றார். அவர் கொடியவர் அல்லர். மகளை உயிராக மதிப்பவர். அக்காள் மறுத்துப் பேசவில்லை. பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த மகளிர் கல்லூரியில் கணிதம் படித்தாள். இன்று பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள்; நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அந்த வழி அவள் தேர்ந்தெடுத்த வழி அன்று. பல ஆண்டுகள் கழித்து நான் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் படிக்கப் புறப்பட்டபோது, யாரும் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? சட்டம் காவாத இடத்தில் வீடு தானாகவே ஒரு சட்டம் இயற்றிக்கொள்கிறது. வெளியூர் போகாதே, மாலையில் தனியே நடக்காதே, யாரோடும் பேசாதே என்பன அதன் விதிகள். அந்தச் சட்டத்தின் தண்டனையை அடைகிறவள் குற்றம் செய்தவள் அல்லள். குற்றம் செய்யப்படக் கூடியவள். ஒருவன் சிறைக்குச் சென்றான். ஆனால் எத்தனை ஊர்களில் எத்தனை பெண்களின் கதவு மூடிக்கொண்டது என்று எந்த நீதிமன்றமும் கணக்கெடுக்கவில்லை. காவல் என்பதற்கு அஞ்சாமல் வாழ்வது என்பதே பொருளானால், தண்டனை முடிந்த பிறகும் காவல் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திராவக வீச்சுக்கென்று தனிப் பிரிவு இல்லாதிருந்தது. கொடுங்காயம், கொலை முயற்சி என்ற பொதுப் பிரிவுகளிலேயே வழக்குகள் நடந்தன. 2013ஆம் ஆண்டில் 326-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறைந்தது பத்து ஆண்டுச் சிறை. மிகுந்தால் ஆயுள் தண்டனை. தண்டத்தொகை பாதிக்கப்பட்டவரின் மருத்துவச் செலவுக்கு ஈடாக அவருக்கே சேர வேண்டும். வீச முயன்றாலே ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் இவை 124ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளன.

அதே 2013ஆம் ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் வேறோர் ஆணையும் பிறப்பித்தது. 2005இல் தில்லியில் பதினைந்து வயதில் திராவக வீச்சுக்கு ஆளான லட்சுமி என்ற பெண் 2006இல் தொடுத்த வழக்கில் வந்த ஆணை அது. தண்டனையைப் பற்றிய பேச்சில் நாம் கவனிக்காமல் விட்டுவிடும் ஆணை. ஆனால் என் கண்ணுக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அது சொல்வது என்ன? திராவகம் விற்கும் கடைக்காரர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கும் அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். முகவரியுள்ள அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். எதற்காக என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. கையிருப்பை உட்கோட்ட நடுவரிடம், அதாவது நம் ஊரில் கோட்டாட்சியர் என்போமே அவரிடம், தெரிவிக்க வேண்டும். தவறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை தண்டம். கல்லூரி ஆய்வுக்கூடங்களையும் அந்த ஆணை விடவில்லை. திராவகத்திற்குப் பொறுப்பாக ஒருவரை வைக்க வேண்டும். பயன்பாட்டைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியே செல்லும் மாணவரைச் சோதிக்கவும் வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்த விதி எவ்வாறு நடக்கிறது என்று சொல்கிறேன். பண்டகசாலையின் சாவி ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவரை நாங்கள் 'தாதா' என்று அழைப்போம். நம் ஊரில் தாதா என்றால் அடிதடி செய்பவர், வங்காளத்திலோ அண்ணன்! எங்கள் தாதாவிடம் உறுதி ஒன்றே ஆயுதம். தேதி, பெயர், அளவு, காரணம், கையெழுத்து ஆகிய ஐந்து கட்டங்களும் நிரம்பினால்தான் புட்டி வெளியே வரும். காரணம் எழுதும் கட்டத்தில் 'சோதனை' என்று மட்டும் எழுதினால், "என்ன சோதனை?" என்று கேட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தள்ளுவார். ஒருநாள் மாலை பேராசிரியர் ஒருவரே அவசரமாக ஆளனுப்பினார். தாதா எழுந்திருக்கவில்லை. "அவருக்கும் ஐந்து கட்டம்தான்" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தப் புட்டிகளில் ஒன்றுகூடக் கணக்கில் வராமல் வெளியே போனதில்லை.

இனி அதே நகரத்தின் கடைவீதிக்கு வாருங்கள். சில மாதங்களுக்கு முன் மின்விளக்கு ஒன்று வாங்க ஒரு சாமான் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிறுவன். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. கையில் உருளைக்கிழங்குப் பை. வீட்டில் அனுப்பியிருக்கிறார்கள், கழிவறை கழுவத் திராவகம் கேட்டான். கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒன்றா, இரண்டா?" புட்டி கிழங்குப் பைக்குள் போயிற்று. "சாய்க்காமல் கொண்டு போ, கையில் பட்டுவிடும்" என்று அன்போடு எச்சரித்தும் அனுப்பினார்.

பதிவேடு இல்லையா என்று அரைகுறை வங்காளியில் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "தம்பி, இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டு என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. நான் அட்டை கேட்டால் அவன் அடுத்த கடைக்குப் போவான். நஷ்டம் எனக்குத்தானே?" என்றார். எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. யாரும் பார்க்காத விதியைக் கடைப்பிடிக்கும் நல்லவர் விற்பனையை இழக்கிறார். மீறுபவர் விற்பனையைப் பெறுகிறார். சட்டம் ஏட்டோடு நின்றுவிட்டால் அது நல்லவருக்கே தண்டனையாகிவிடுகிறது!

இந்த இடத்தில்தான் என் கருத்து உறுதிப்பட்டது. அஞ்சச் செய்து குற்றத்தைத் தடுப்பதே தண்டனையின் நோக்கம் என்கிறோம். ஆனால் அச்சம் யாரிடம் வேலை செய்யும்? கணக்குப் பார்ப்பவனிடம் வேலை செய்யும். வீசுபவன் திட்டமிடுகிறான், உண்மை. முன்கூட்டியே வாங்கி வைத்துக் காத்திருக்கிறான். ஆனால் அவன் ஆண்டுகளை எடைபோடுவதில்லை. தன்னை மறுத்தவளைப் பழிவாங்குவது ஒன்றே அவன் கண்ணில் நிற்கிறது. மும்பை ரயில் நிலையத்தில் 2013இல் நடந்த திராவக வீச்சில் ஒரு செவிலிப்பெண் இறந்தாள். 2016இல் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனையே விதிக்கப்பட்டது. 2019இல் மும்பை உயர்நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாக்கியது. தூக்கு என்ற சொல்லை நாடே கேட்டது. ஆனால் 2022 டிசம்பரில் தில்லியில் பள்ளிக்குப் புறப்பட்ட சிறுமிமேல் திராவகம் வீசப்பட்டது. அதை இணையக் கடை ஒன்றில் வாங்கினார்கள் என்று காவல்துறை தெரிவித்தது. உச்சநீதிமன்ற ஆணை பிறந்து அப்பொழுது ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

விற்பவனின் நிலை வேறு. அவன் நாள்தோறும் இலாப நட்டம் பார்ப்பவன். அவனை ஆளுவதே கணக்குத்தான். ஆண்டுக்கு இரு முறை ஓர் அலுவலர் வந்து பதிவேட்டைப் புரட்டுவார், இல்லையேல் தண்டம் கட்ட வேண்டும் என்பது உறுதியானால், அடுத்த வாரமே பதிவேடு வந்துவிடும். வீசுபவனுக்கு எட்டாத தூக்குக் கயிற்றைவிட, விற்பவனுக்கு உறுதியாக வரும் சிறு தண்டம் பெண்களை அதிகமாகக் காக்கும் என்பது என் துணிபு. கடுமையைவிட உறுதி பெரிது. குற்றத்திற்குப் பின் வரும் பெருந்தண்டனையைவிட, குற்றத்திற்கு முன் நிற்கும் சிறுவிதி பெரிது.

இது வெறும் எண்ணம்தானா, சான்று உண்டா என்று அறிவியல் மாணவர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள வங்காளதேசத்தைப் பாருங்கள். அங்கே 2002இல் ஏறக்குறைய ஐந்நூறு திராவக வீச்சுகள் நடந்தன. அந்த ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, மரண தண்டனை வரை விதிக்கக் கூடிய குற்றச் சட்டம். மற்றொன்று, திராவகத்தை இறக்குமதி செய்யவும் சேமிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாட்டுச் சட்டம். 1999இல் தொடங்கப்பட்ட திராவக வீச்சில் தப்பியோர் அறக்கட்டளை மருத்துவமும் சட்ட உதவியும் அளித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எண்ணி வெளியிட்டது. நாளிதழ்கள் விடாமல் எழுதின. ஆண்களும் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். பத்தாண்டுகளில் தொகை ஆண்டுக்கு நூற்றுக்குக் கீழே இறங்கியது. அதன்பின் இன்னும் குறைந்தது. வழக்குகளில் பெரும்பகுதி தண்டனையில் முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் வீச்சுகள் குறைந்தன. தூக்குத் தண்டனை ஒன்றினாலேயே குறைந்தன என்று எப்படிச் சொல்ல முடியும்? பல கைகள் ஒரே காலத்தில் வேலை செய்தன. எந்தக் கைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்து அளக்க இயலாது. ஆனால் எண்ணியதும், பூட்டியதும், பேசியதும், தண்டித்ததும் ஒன்றுசேர்ந்த இடத்தில் காவல் வந்தது என்பது மட்டும் தெளிவு.

நம் நாட்டிலோ, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகள் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட திராவக வீச்சுகளைக் காட்டுகின்றன. நாம் படிக்கவந்த மேற்கு வங்கம் பல ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் நிற்கிறது.

"பதிவேடு வைத்தால் மட்டும் நின்றுவிடுமா? வண்டி மின்கலத்திலிருந்து எடுக்க மாட்டானா?" என்று என் அறைத்தோழர் கேட்டார். எடுக்கலாம். ஆனால் நச்சுப்புகைக் கூண்டு இருந்தும் விபத்து நேரலாம் என்பதற்காக, கூண்டே வேண்டாம் என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்வதில்லை. எளிதாயிருப்பதை அரிதாக்குவதே காவலின் முதல் வேலை. சினம் நெடுநாள் அதே சூட்டில் நிற்பதில்லை. பெயர் எழுத வேண்டும், முகம் காட்ட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்ற மூன்று படிகளில் ஒருவன் திரும்பிப் போனாலும், ஒரு முகம் பிழைத்தது அன்றோ?

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? வேண்டும். துன்புற்றவளிடம், "உனக்கு நேர்ந்தது உன் விதியன்று; அது குற்றம்; அதை நாங்கள் எல்லோரும் குற்றமாகவே கருதுகிறோம்" என்று சமுதாயம் சொல்லும் சொல்லே தண்டனை. அந்தச் சொல்லைச் சொல்லாத சமுதாயம் இழிந்தது. ஆனால் அது நீதி; காவல் அன்று. நீதியைச் செய்துவிட்டுக் காவலையும் செய்துவிட்டோம் என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது.

எங்கள் திருவாரூர்க் கோவிலருகே கல்தேர் ஒன்று உண்டு. மனுநீதிச் சோழன் கதையை நினைவூட்டும் தேர் அது. கன்றைத் தேர்க்காலில் கொன்ற தன் மகனை, அதே தேர்க்காலில் கிடத்தித் தேரைச் செலுத்தினான் சோழன். அவன் சிலையைச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் காணலாம். சிறுவயதில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் தேர் ஓடும் இடத்தில்தான் எனக்கு மெய்சிலிர்க்கும். இப்பொழுது எண்ணிப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது. தேர் ஓடியதால் கன்று எழவில்லை. பெரிய புராணத்தில் இறைவன் வந்து எழுப்ப வேண்டியிருந்தது. நம் காலத்தில் எந்தப் பெண்ணின் முகத்தையும் அப்படித் திருப்பித் தருவார் இல்லை. அந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. வாயில்லாத பசுவும் அடிக்கக் கூடிய உயரத்தில் அதைக் கட்டியிருந்தானே, அதுதான் அரசு! நாமோ தேரை மேலும் பெரிதாகச் செய்யச் சொல்லிக் கூவுகிறோம். மணியின் கயிறு அறுந்து கிடப்பதைப் பார்ப்பதில்லை.

நண்பர்களே, கயிற்றைக் கட்ட நம்மால் ஆவது சிறிது உண்டு. வேதியியலும் உயிரியலும் பயில்வோர் தத்தம் துறையில் திராவகப் பதிவேடு எழுதப்படுகிறதா என்று கேட்கலாம். விடுதியைச் சுற்றியுள்ள கடைகளில் எவற்றில் பதிவேடு இல்லை என்று குறித்து, சங்கத்தின் பெயரால் உட்கோட்ட நடுவருக்கு ஒரு மனு எழுதலாம். விடுமுறைக்கு ஊர் செல்வோர் அங்கும் எழுதலாம். கடைக்காரர்மேல் பகை வேண்டாம். எல்லாக் கடைகளும் கேட்கும்போது அவருக்கும் கேட்பது எளிதாகிவிடும். இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். யார்மேலேனும் திராவகம் பட்டுவிட்டால், உடனே பட்ட துணியை அகற்றித் தண்ணீரை ஊற்றுங்கள். குறைந்தது இருபது நிமிடம் ஓடவிடுங்கள். எண்ணெயோ மஞ்சளோ தடவாதீர்கள். அப்படிப்பட்டவரை முதலுதவியின்றித் திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், சட்டப்படி உரிமை இல்லை. மருத்துவத்திற்குப் பணம் கேட்கவும் உரிமை இல்லை.

என் அக்காளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க இன்னும் பதினைந்து ஆண்டுகள் உண்டு. அதற்குள் நாட்டில் எத்தனை பேர் தூக்கிலிடப்படுவார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அவள் வெளியூர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும் நாளில் வீட்டில் யாரும் திண்ணையில் பேசாமல் உட்காரக் கூடாது. சட்டம் காக்கிறது என்று அன்று நம்புவேன்.